பணம் கட்டியவருக்குக் கதவு திறக்கிறதா? வேர்ட்பிரஸ் உறுப்பினர் ப்ளக்இன்: கோளாறு பார்ப்பதும் நமக்கேற்ப மாற்றுவதும்

ஒரு சிற்றிதழின் வலைத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஓர் இதழ். முதல் இரண்டு கட்டுரைகள் எல்லாருக்கும், மிச்சம் சந்தாதாரருக்கு. சந்தா வசதியைப் போட்டுக்கொடுத்த முதல் வாரமே ஆசிரியர் போன் செய்தார்.

"தம்பி, மதுரையிலிருந்து ஒரு வாத்தியார் கூப்பிட்டார். பணம் கட்டிட்டாராம். உள்ளே போனா 'இது சந்தாதாரருக்கு மட்டும்'னே வருதாம். நானும் திறந்து பார்த்தேன், எனக்கு எல்லாக் கட்டுரையும் நல்லாத்தான் வருது."

அவருக்கு வரும். அவர் அட்மின். பெரும்பாலான உறுப்பினர் ப்ளக்இன்கள், அதாவது சந்தாவைக் கவனித்துக்கொள்ள வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்கள், அட்மினுக்கு எந்தக் கதவையும் சாத்துவதில்லை. பூட்டு சரியாக வேலை செய்தாலும் அவருக்குத் திறந்திருக்கும், கெட்டுப்போயிருந்தாலும் அவருக்குத் திறந்தேதான் இருக்கும். தளத்தை நடத்துபவர் தன் கண்ணால் பார்த்து இதில் ஒரு முடிவுக்கும் வர முடியாது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ஒவ்வொரு கோளாறுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: சந்தாதாரராக உள்ளே போய்ப் பாருங்கள்.

வேர்ட்பிரஸில் முதன்முறையாகச் சந்தா அமைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அதிகம் கையாள்வது பெய்டு மெம்பர்ஷிப்ஸ் ப்ரோ என்பதால் உதாரணங்கள் அதிலிருந்து வரும். மெம்பர்பிரஸ், அல்டிமேட் மெம்பர் போன்றவற்றில் பட்டன்கள் வேறு இடத்தில் இருக்கும். நோய்கள் ஏறக்குறைய இவையேதான்.

மூன்று ஜன்னல்கள்

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை உறுப்பினரை உருவாக்குங்கள். உங்களிடம் இருக்கும் இன்னொரு மின்னஞ்சல் முகவரியில், சாதாரண வாசகர் சேர்வது போலவே, சந்தாப் பக்கம் வழியாகச் சேருங்கள். டாஷ்போர்டில் போய் 'புதிய பயனர்' என்று சேர்த்தால் அது சோதனையே ஆகாது. படிவம், பணம், மின்னஞ்சல் மூன்றையும் தாண்டிக் குதித்துவிடுவீர்கள்.

பிறகு மூன்று ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். குரோமில் அட்மின். ஃபயர்ஃபாக்ஸில் சோதனை உறுப்பினர். மூன்றாவது, லாகின் செய்யாத அந்நிய வாசகருக்கான பிரைவேட் ஜன்னல். எதை மாற்றினாலும் மூன்றிலும் பாருங்கள். குறிப்பிட்ட ஓர் உறுப்பினருக்கு மட்டும் சிக்கல் என்றால் அவரிடம் பாஸ்வேர்ட் கேட்க வேண்டாம், கேட்கவும் கூடாது. யூசர் ஸ்விட்சிங் என்ற இலவச ப்ளக்இன் இருக்கிறது. பயனர் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே ஒரு சொடுக்கு, அவர் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பீர்கள். இன்னொரு சொடுக்கில் திரும்பி வந்துவிடலாம்.

கை வைக்குமுன் பேக்கப் எடுங்கள். கோப்புகள் மட்டும் போதாது, டேட்டாபேஸும் வேண்டும். யார் எப்போது பணம் கட்டினார், எப்போது சந்தா முடிகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஹோஸ்டிங்கில் ஸ்டேஜிங் வசதி இருந்தால் தளத்தின் நகலில் சோதிப்பது நல்லது. ஆனால் நகல் எடுத்த கையோடு இரண்டு காரியம் செய்தாக வேண்டும்: வாசகரிடம் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயைச் சோதனை முறைக்கு மாற்றுங்கள், வெளியே போகும் மின்னஞ்சலை நிறுத்துங்கள். நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. உண்மையான சந்தாதாரர்களுக்கெல்லாம் 'உங்கள் சந்தா முடிகிறது' என்று அதுவும் தன் பங்குக்கு ஒருமுறை அஞ்சல் அனுப்பும்.

இன்னொரு எச்சரிக்கை. கோளாறு பார்க்கிறேன் என்று உறுப்பினர் ப்ளக்இனையே டீஆக்டிவேட் செய்யாதீர்கள். செய்த அந்த நிமிடம் எல்லாப் பூட்டும் விழுந்து, சந்தாக் கட்டுரைகள் மொத்தமும் ஊருக்கே திறந்துவிடும். ஐந்து நிமிடம்தானே என்று நினைக்கும்போது தேடுபொறி வந்து படித்துக்கொண்டு போய்விடலாம்.

பணம் கட்டியும் பூட்டு திறக்காவிட்டால்

வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். டாஷ்போர்டில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது, எந்தக் கோளாறிலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டியலில் அவர் செயலில் உள்ள உறுப்பினராக இருக்கிறாரா? இருந்தால் சிக்கல் காட்டும் இடத்தில், பெரும்பாலும் கேஷில். இல்லை என்றால் சிக்கல் பணம் வந்த வழியில்.

அவர் இருந்தார். சந்தா நிலை, முடிவு தேதி எல்லாம் சரி. அப்படியென்றால் கேஷ்தான் என்று பார்க்கத் தொடங்கினேன்.

கேஷ் என்பது ஒருமுறை சமைத்ததை எடுத்துவைத்து வருகிறவருக்கெல்லாம் அதையே பரிமாறுவது. தளம் வேகமாகத் திறக்கும். ஆனால் பூட்டிய பக்கத்தை அந்நிய வாசகருக்காகச் சமைத்து வைத்துவிட்டு, அதையே சந்தாதாரருக்கும் எடுத்துக்கொடுத்தால் அவருக்கும் பூட்டுதான் தெரியும். நல்ல கேஷ் ப்ளக்இன்கள் லாகின் செய்தவருக்குப் பழையதைக் கொடுக்காது. சிக்கல் வருவது பெரும்பாலும் வேறு இடங்களில்: ஹோஸ்டிங் நிறுவனமே சர்வரில் வைத்திருக்கும் கேஷ், கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையில் யாரோ 'எல்லாவற்றையும் சேமி' என்று போட்டுவைத்த விதி, அல்லது வாசகரின் பிரவுசரே.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உறுப்பினராக லாகின் செய்த ஜன்னலில், பூட்டிய கட்டுரையின் முகவரி முடிவில் ஒரு கேள்விக்குறியும் ஏதோ ஓர் எண்ணும் சேர்த்துத் திறங்கள், ?123 என்பது போல. பெரும்பாலான கேஷ்கள் அதைப் புது முகவரியாக எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புதிதாகச் சமைக்கும். அப்போது கட்டுரை முழுதாக வந்தால் குற்றவாளி கேஷ்தான். வாத்தியாரின் கட்டுரை அப்படித்தான் வந்தது. சர்வர் கேஷில் விதிவிலக்கு போடப்படவில்லை.

தீர்வுக்கு மூன்று வேலைகள். லாகின், கணக்கு, சந்தா செலுத்தும் பக்கம், 'நன்றி' பக்கம் ஆகியவற்றைக் கேஷிலிருந்து விலக்குங்கள். லாகின் செய்தவரின் பிரவுசரில் வேர்ட்பிரஸ் விட்டுவைக்கும் லாகின் குக்கி இருந்தால் கேஷைத் தாண்டிப் போகும் விதியைப் போடுங்கள். சர்வர் கேஷ் உங்கள் கையில் இல்லையென்றால் ஹோஸ்டிங் ஆதரவுக் குழுவிடம் இதே சொற்களில் கேளுங்கள், புரிந்துகொள்வார்கள். கடைசியாகக் கேஷை முழுதும் காலி செய்யுங்கள். இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஓர் உறுப்பினருக்காகச் சமைத்த கணக்குப் பக்கம் சேமிக்கப்பட்டு, அவர் பெயரும் முகவரியும் முகம் தெரியாத இன்னொருவர் திரையில் வந்தால், அது வாசகர் நம்மிடம் வைத்த நம்பிக்கையை உடைக்கும் காரியம்.

சரி, உறுப்பினர் பட்டியலில் அவர் இல்லவே இல்லை, ஆனால் வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறது என்றால்? அப்போது வெப்ஹூக்கைப் பாருங்கள். பணம் வாங்குவது நம் தளம் அல்ல, பேமென்ட் கேட்வே. வாங்கியதும் 'இன்னார் இவ்வளவு கட்டிவிட்டார்' என்று நம் தளத்தின் குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அதுதான் வெப்ஹூக். செய்தி வழியில் நின்றுவிட்டால் பணம் போகும், சந்தா வராது.

கேட்வேயின் டாஷ்போர்டில் வெப்ஹூக் அனுப்பிய பதிவும், ஒவ்வொன்றுக்கும் நம் தளம் சொன்ன பதில் எண்ணும் இருக்கும். அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 200 என்றால் வந்து சேர்ந்தது, தகராறு ப்ளக்இனுக்குள். 403 என்றால் செக்யூரிட்டி ப்ளக்இனோ ஃபயர்வாலோ வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. 404 என்றால் முகவரி தவறு. 301 அல்லது 302 என்றால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளதிலிருந்து இல்லாததற்கோ, எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸுக்கோ தளம் திருப்பிவிடுகிறது. ஸ்ட்ரைப் என்ற கேட்வே இப்படித் திருப்பிவிடுவதைத் தோல்வியாகவே கணக்கில் வைக்கும். எனவே இறுதி முகவரியை அப்படியே கொடுங்கள். 500 என்றால் நம் தளத்தில் ஏதோ முறிந்திருக்கிறது, பிழைப் பதிவைப் பாருங்கள். பதிவே காலியாக இருந்தால் சோதனை முறையில் போட்ட வெப்ஹூக்கை நேரடி முறையிலும் போட மறந்திருப்பீர்கள். தளத்தையும் கேட்வேயையும் இணைக்கும் ரகசியச் சாவிகள் இரண்டு முறைக்கும் வேறுவேறு.

தளத்தைத் 'திறப்பு விழா விரைவில்' என்று மூடிவைத்துவிட்டுப் பணப் பரிசோதனை செய்பவர்களும் இதில் மாட்டுவார்கள். அந்தத் திரை வெப்ஹூக்கையும் சேர்த்தே மறித்துவிடும்.

தானாகப் புதுப்பிக்கும் சந்தா

கார்டிலிருந்து தானாகப் புதுப்பிக்க வேண்டிய சந்தா தோற்றால், இந்தியாவில் சந்தா நடத்துபவர்கள் அதை ப்ளக்இன் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் முதலில் ஒருமுறை ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்போடு ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அவருக்கு அறிவிப்புப் போக வேண்டும். வேண்டாம் என்றால் அவர் அப்போதே விலகிக்கொள்ளலாம். தொடக்கத்தில் 5,000 ரூபாய் வரைதான் ஓடிபி இல்லாமல் எடுக்க முடியும் என்றிருந்தது. 2022 ஜூனில் அது 15,000 ஆனது. வங்கியும் கேட்வேயும் இந்த ஒப்புதலைக் கையாளாவிட்டால் புதுப்பித்தல் தோற்கும். ப்ளக்இன் அமைப்பில் எதை மாற்றினாலும் தேறாது.

என் கருத்து: சிறு பத்திரிகை, இசை வகுப்பு, படிப்பு வட்டம் போன்றவற்றுக்குத் தானாகப் புதுப்பிக்கும் சந்தா வேண்டாம். வருடத்துக்கு ஒரு கட்டணம், முடிவதற்கு ஒரு மாதம், ஒரு வாரம் முன்னால் நினைவூட்டல், வாசகர் தாமாகவே யுபிஐயில் கட்டுவது. குழப்பம் குறைவு, 'கேட்காமல் எடுத்துவிட்டீர்களே' என்ற மனத்தாங்கலும் இல்லை. எந்தக் கேட்வே உங்கள் ஊரில், உங்கள் வகை அமைப்புக்குக் கணக்குத் தருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதோடு ஒத்துப்போகும் ப்ளக்இனை அப்புறம் தேர்ந்தெடுங்கள். பலர் ப்ளக்இனை வாங்கிவிட்டுக் கேட்வேயைத் தேடுகிறார்கள்.

சுற்றிச் சுற்றி வரும் லாகின்

'அதிகமுறை திருப்பிவிடப்பட்டது' என்று பிரவுசர் கைவிரித்தால், லாகின் பக்கத்தையே சந்தாதாரருக்கு மட்டும் என்று பூட்டிவிட்டீர்களா பாருங்கள். உள்ளே வர லாகின் வேண்டும், லாகின் பக்கம் போக உறுப்பினராக இருக்க வேண்டும். வாசகர் வட்டம் அடிப்பார். ஒட்டுமொத்தமாக 'எல்லாப் பக்கங்களும்' என்று பூட்டுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். லாகின், சேர்க்கை, கட்டணம், பாஸ்வேர்ட் மீட்பு, தனியுரிமைக் கொள்கை இவை எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

ப்ளக்இன் போட்டதும் கணக்குப் பக்கம் 404 காட்டினால் பெர்மாலிங்க் அமைப்புக்குப் போய் எதையும் மாற்றாமல் 'சேமி' பட்டனை மட்டும் அழுத்துங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்பட்டுவிடும். பெரும்பாலும் அதோடு சரியாகும்.

அஞ்சல் வரவில்லை

வேர்ட்பிரஸ் இயல்பாகச் சர்வரின் அஞ்சல் வசதி வழியாகத்தான் மின்னஞ்சல் அனுப்பும். 'அனுப்பியாயிற்று' என்று அது சொல்வதற்குத் தபால்பெட்டியில் போட்டாயிற்று என்றுதான் பொருள். கையில் சேர்ந்தது என்று பொருள் இல்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்ப்பதைக் கடுமையாக்கிவிட்டன. எனவே எஸ்எம்டிபி ப்ளக்இன் ஒன்றைப் போட்டு முறையான அஞ்சல் சேவை வழியாக அனுப்புங்கள். அனுப்புநர் நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் சேருங்கள். அனுப்புநர் முகவரி உங்கள் டொமைனிலேயே இருக்கட்டும். உங்கள் ஜிமெயில் முகவரியை அங்கே போட்டுவிட்டு வேறு சர்வரிலிருந்து அனுப்பினால் அது போலி அஞ்சலாகத்தான் தெரியும்.

முடிய வேண்டிய சந்தா முடியாவிட்டால்

முடிவு தேதி தாண்டியும் ஒருவர் படித்துக்கொண்டே இருக்கிறார், நினைவூட்டல் யாருக்கும் போகவில்லை. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வேர்ட்பிரஸுக்கென்று சொந்தக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்துக்கு வந்தால்தான் 'செய்ய வேண்டிய வேலை ஏதும் பாக்கியா' என்று பார்க்கும். வாசகர் குறைவான தளத்தில் வேலை தேங்கும். கேஷ் இருந்தால் வந்தவருக்கும் வேர்ட்பிரஸை எழுப்பாமலே பக்கம் போய்விடுவதால் இன்னும் தேங்கும். டபிள்யூபி க்ரான்ட்ரோல் என்ற ப்ளக்இனில் எந்த வேலை எவ்வளவு நேரம் தாமதம் என்று தெரியும். ஹோஸ்டிங்கின் சிபேனலில் க்ரான் ஜாப்ஸ் என்ற பகுதியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேர்ட்பிரஸின் க்ரான் கோப்பை அழைக்கும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது.

கூடவே, பொது அமைப்புகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரமான யுடிசியிலேயே இருந்தால், நள்ளிரவோடு முடிய வேண்டிய சந்தா நம்மூர்க் கணக்கில் விடியற்காலை 5.30க்கு முடியும். பட்டியலில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். இலங்கை வாசகர்கள் கொழும்பை.

பூட்டாத ஜன்னல்

கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் தளங்கள்தான் அதிகம். உறுப்பினர் ப்ளக்இன் பூட்டுவது கட்டுரையின் உள்ளடக்கத்தை. அதில் இணைத்திருக்கும் பிடிஎஃப் வேறு சமாச்சாரம். அது அப்லோட்ஸ் கோப்புறையில், வருடம், மாதம் என்ற ஊகிக்கக்கூடிய முகவரியில் கிடக்கும். இதழின் பிடிஎஃப் இணைப்பை உறுப்பினர் ஜன்னலில் நகலெடுத்துப் பிரைவேட் ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். திறந்தால், ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பு விழுந்த அன்றே சந்தாவுக்கு அர்த்தம் இல்லாமல் போகும். கோப்பை நேரடியாகத் தராமல், கேட்பவர் உறுப்பினரா என்று பார்த்துவிட்டுத் தரும் வசதி பல ப்ளக்இன்களில் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். எச்டிஆக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பில் விதி எழுதினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் சர்வர் மென்பொருள் அப்பாச்சி என்றால் சரி. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருள் அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்காது.

பக்கத்தை எலிமென்டர் போன்ற பில்டரில் கட்டியிருந்தாலோ, தீம் தனிப் புலங்களிலிருந்து உரையை எடுத்துக் காட்டினாலோ அந்தப் பகுதி ப்ளக்இனின் கையில் சிக்காமல் பூட்டைத் தாண்டி வெளியே வரலாம். புதுப் பதிவுகளை வெளியே அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் தேடல் முடிவுகளையும் அந்நிய வாசகர் ஜன்னலில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

எதுவும் பிடிபடாதபோது

அப்போது பெரும்பாலும் வேறொரு ப்ளக்இனோடு மோதல். ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் என்ற ப்ளக்இனில் ஒரு சோதனை முறை இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லா ப்ளக்இனும் அணைந்து, இயல்பு தீம் தெரியும். வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போல ஓடும், பூட்டுகளும் அப்படியே இருக்கும். உறுப்பினர் ப்ளக்இனை மட்டும் முதலில் இயக்குங்கள். கோளாறு போய்விட்டதா? மற்றவற்றில் பாதியை இயக்குங்கள். கோளாறு வந்தால் அந்தப் பாதியில் இருக்கிறது, வராவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்தால் இருபது ப்ளக்இன்களில் குற்றவாளியை ஐந்தே சுற்றில் பிடித்துவிடலாம்.

வெள்ளைத் திரை வந்தால் பதற்றப்பட வேண்டாம். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், தளம் முறிந்தால் அட்மின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு வரும். அதுவும் வராவிட்டால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில், முறிவுக்குக் காரணமான ப்ளக்இன் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். அது தானாக அணைந்துவிடும். காரணம் தெரிய, டபிள்யூபி கான்ஃபிக் கோப்பில் டீபக் வரியையும் டீபக் லாக் வரியையும் ட்ரூ என்று மாற்றி, திரையில் காட்டும் டீபக் டிஸ்ப்ளே வரியை ஃபால்ஸ் என்று வையுங்கள். பிழைகள் டபிள்யூபி கண்டென்ட் கோப்புறையில் டீபக் லாக் என்ற கோப்பில் சேரும். கடைசி வரியில் எந்த ப்ளக்இன் கோப்புறையின் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட்டு அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், அதுவும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதே.

இனி, நமக்கேற்ப மாற்றுவது

ப்ளக்இனின் சொந்தக் கோப்புகளில் கை வைக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் நீங்கள் எழுதியதெல்லாம் துடைக்கப்படும். மாற்ற வேண்டியதை மாற்ற வேறு வழிகள் இருக்கின்றன.

முதலில் மொழி. தமிழ் இதழின் சந்தாப் பக்கத்தில் 'சப்மிட் அண்ட் செக் அவுட்' என்று ஆங்கிலப் பட்டன் இருந்தால் அறுபது வயது வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். லோகோ டிரான்ஸ்லேட் ப்ளக்இனைப் போடுங்கள். மொழியில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனியாக இருக்கும். தளத்தின் பொது அமைப்பில் எது இருக்கிறதோ அதையே எடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மொழிபெயர்த்தது எங்கும் தெரியாது. எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும்போது லோகோவின் தனிக் கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள், அப்டேட் அதைத் தொடாது. பிறகு அந்த ஆங்கிலச் சொற்றொடரைத் தேடி, 'பணம் செலுத்திச் சேர்க' என்று எழுதிச் சேமியுங்கள்.

மொழிபெயர்க்கும்போது நடுவில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் சேர்ந்து வரும் இடங்கள் உண்டு. அங்கே தேதியோ தொகையோ பெயரோ வந்து உட்காரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு இருந்தால் கவனம். ஆங்கிலத்தில் முதலில் தொகை, பிறகு காலம் வரும். தமிழில் 'ஓர் ஆண்டுக்கு 600 ரூபாய்' என்று திருப்பிச் சொல்வோம். வெறுமனே இடம் மாற்றினால் '600 ரூபாய்க்கு ஓர் ஆண்டு' என்று தலைகீழாக விழும். சதவீதக் குறிக்கும் எஸ்ஸுக்கும் நடுவே வரிசை எண்ணையும் டாலர் குறியையும் சேர்த்தால், எது எங்கே உட்கார வேண்டும் என்று வேர்ட்பிரஸுக்குத் தெரியும்.

அஞ்சல் வார்ப்புருக்களிலும் இதே கதை. பெய்டு மெம்பர்ஷிப்ஸ் ப்ரோவில் இரட்டை ஆச்சரியக்குறிகளுக்கு நடுவே உள்ள சொல் உறுப்பினர் பெயராக மாறும். அதன் வாலில் வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். 'க்கு' என்று ஒட்டினால் 'குமார்க்கு', 'மீனாட்சிசுந்தரம்க்கு' என்றெல்லாம் போய்ச் சேரும். 'அன்புள்ள' என்று தொடங்கிப் பெயரை வெறுமனே நிற்கவிட்டு, அடுத்த வரியில் 'உங்கள் சந்தா' என்று எழுதுங்கள். வாக்கியம் யார் பெயருக்கும் பொருந்தும்.

அடுத்தது, தமிழுக்கே உரிய ஒரு பொறி. வாசகர் பயனர்பெயர் கட்டத்தில் தன் பெயரைத் தமிழில் தட்டினால் வேர்ட்பிரஸ் ஏற்காது. பதிவு செய்யும்போது ரோமன் எழுத்தும் எண்ணும் சில குறிகளும் தவிர மற்றவற்றை அது வடிகட்டிவிடும், முழுப் பெயரும் தமிழ் என்றால் மிச்சம் ஒன்றுமில்லாமல் பிழை காட்டும். வாசகர் என்ன செய்வார்? மறுபடி மறுபடி தட்டிவிட்டுப் போய்விடுவார். நமக்குத் தகவலே வராது. பயனர்பெயர் கட்டத்தையே மறைத்து, மின்னஞ்சலிலிருந்து அதைத் தானாக உருவாக்கச் செய்யுங்கள். 2016இல் வந்த 4.5 பதிப்பிலிருந்து மின்னஞ்சலைக் கொடுத்தே லாகின் செய்யலாம். காட்டும் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், அதற்குத் தடையில்லை.

பக்க முகவரிகளிலும் பொறி உண்டு. 'உறுப்பினர் கணக்கு' என்று பக்கத்துக்குப் பெயர் வைத்தால் முகவரிப் பகுதியும் தமிழிலேயே அமையும். உள்ளுக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. இந்த இரண்டு சொல்லே 145 எழுத்துகள். டேட்டாபேஸில் இதற்கு இடம் 200 எழுத்துதான்; கொஞ்சம் நீளமான தலைப்பு என்றால் நடுவில் வெட்டுப்படும். கேட்வேக்குத் திரும்பும் முகவரியாகக் கொடுக்கும் பக்கங்களுக்காவது முகவரிப் பகுதியை ரோமன் எழுத்தில் சிறியதாக வையுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கலாம்.

தோற்றத்தில் இரண்டே திருத்தங்களைச் சொல்கிறேன். பல தீம்கள் பட்டனில் எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி வைக்கும். ஆங்கிலத்துக்கு அழகு, தமிழ் எழுத்துகள் சிதறினாற்போல் நிற்கும். தீமின் கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியில் அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். வரி உயரத்தை 1.6 அளவுக்கு ஏற்றுங்கள். 'கூ', 'ஸ்ரீ' போன்றவற்றின் தலையோ காலோ வெட்டுப்படாது.

இதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஹுக்குகள். ப்ளக்இனை எழுதியவர், பிறர் தம் சொந்தக் கோட் வரிகளை மாட்டிக்கொள்ள வழிநெடுக விட்டுவைத்த கொக்கிகள் இவை. ஒரு வகை, 'இந்த நேரத்தில் இதையும் செய்' என்று சொல்ல. இன்னொரு வகை ஃபில்டர், 'இந்த மதிப்பை வாங்கி, மாற்றித் திருப்பிக் கொடு' என்று சொல்ல. புதியவர்கள் தவறுவது அந்தத் திருப்பிக் கொடுப்பதில்தான். ரிட்டர்ன் வரியை மறந்தால் மதிப்பு காணாமல் போகும், பக்கத்தின் உரையே வெறுமையாகலாம்.

நான் எல்லாத் தளத்திலும் போடும் முதல் மாற்றம், லாகின் செய்த சந்தாதாரரை வேர்ட்பிரஸின் சாம்பல்நிற டாஷ்போர்டில் விடாமல் நேரே புது இதழுக்கு அனுப்புவது. இதற்கு லாகின் ரீடைரெக்ட் என்ற ஃபில்டர் இருக்கிறது. அது தரும் மூன்றாவது மதிப்பு, உள்ளே வருபவரைப் பற்றியது. பாஸ்வேர்ட் தவறும்போது அந்த இடத்தில் ஆள் வரமாட்டார், பிழைச்செய்தி வரும். வந்தது ஆள்தானா என்று சோதித்த பிறகே அவர் சந்தா நிலையைக் கேளுங்கள். இந்தக் கோட் வரிகளை, கோட் ஸ்னிப்பெட்ஸ் என்ற ப்ளக்இனில் துண்டாக வைத்தால், தவறினால் அந்தத் துண்டை மட்டும் அணைக்கலாம்.

கட்டணப் பக்கத்தின் அமைப்பையே மாற்ற, ப்ளக்இனின் வார்ப்புருக் கோப்பை, தீமின் துணையாக நாம் வைக்கும் சைல்டு தீமுக்குள், ப்ளக்இன் பெயரிலான கோப்புறையில் நகலெடுத்துத் திருத்தும் வழியும் உண்டு. அப்டேட்டில் அழியாது, ஆனால் அப்டேட்டில் வரும் திருத்தங்களும் உங்கள் நகலுக்கு வராது. பணம் வாங்கும் பக்கத்தில் அது ஆபத்து. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

பழைய காகிதச் சந்தாதாரர்களை எக்செல் பட்டியலிலிருந்து ஏற்றுபவர்களுக்கு: 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். போன் எண் நெடுவரிசையை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் தொலையும். முதலில் ஐந்து பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். வரவேற்பு அஞ்சலை நிறுத்திவிட்டு.

எங்கள் தளத்தில் அப்டேட் போடும் நாள் மாதத்தின் இரண்டாவது புதன். இதழ் வெளியாகிக் கூட்டம் ஓய்ந்திருக்கும். பேக்கப், அப்டேட், கேஷ் காலி. அதற்குப் பிறகு அந்த மூன்று ஜன்னல்கள். அந்நியருக்குப் பூட்டு தெரிகிறதா, உறுப்பினருக்குத் திறக்கிறதா, சோதனை முறையில் ஒரு சந்தா கட்டினால் அஞ்சல் வருகிறதா. மூன்றாவது ஜன்னலை இப்போது ஆசிரியரே பார்க்கிறார், தன் போனில், லாகின் செய்யாமல். "பூட்டியிருக்கு தம்பி" என்று அவரிடமிருந்து செய்தி வந்த பிறகுதான் நான் கணினியை அணைக்கிறேன்.